யவனர் கட்டாத சந்தை

புதுச்சேரிக்கு வடக்கேயுள்ள பிள்ளைச்சாவடிக் கடற்கரையில் இப்போது மணலைவிடக் கருங்கல்தான் அதிகம் கண்ணில் படுகிறது. அலை வீடுகளைத் தின்றுவிடாமல் இருக்கக் கொட்டிய கல். இந்த அரிப்புக்கு முக்கியக் காரணம் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் இருக்கிறது. 1980களில் துறைமுகத்துக்காக அங்கே கடலுக்குள் நீட்டிய அலைத்தடுப்புச் சுவர்கள், வடக்கே நகரும் மணலை மறித்துக்கொண்டன.

அதே ஆற்றின் கரையில், தண்ணீர் அரித்த ஒரு மேட்டிலிருந்துதான் ஈராயிரம் ஆண்டுப் பழைய சந்தை ஒன்று வெளியே வந்தது. அரிக்கமேடு.

பெயர் தெரியாத கிரேக்கர் ஒருவர் கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிய கடல்வழிக் குறிப்பில் கமரா, பொதுகே, சோபட்மா என்று மூன்று துறைகள் வருகின்றன. நடுவிலுள்ள பொதுகே இதுதான் என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. 1930களில் ஊர்ப் பிள்ளைகள் அங்கே பொறுக்கி வந்த பழம்பொருள்களைப் பார்த்து விழித்துக்கொண்டவர், புதுச்சேரியில் ஆசிரியராக இருந்த ழூவோ துப்ரேய். 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டினார். இத்தாலியின் அரெஸ்ஸோ பாணிச் செம்பளபளப்புக் கிண்ணத் துண்டுகளும் மது வந்த ஆம்போரா ஜாடிகளும் கிடைத்தன. அவ்வளவுதான், ரோமானிய வணிகத் தளம் என்று உலகெங்கும் பேர் பரவிவிட்டது. கடற்கரையில் யவனர் எழுப்பிய மாயச் சந்தை ஒன்று எல்லார் மனசிலும் குடியேறியது.

1989 முதல் 1992 வரை தொல்லியலாளர் விமலா பெக்லி மறுபடி தோண்டியபோது அந்த மாயை கலைந்தது. இத்தாலியக் கிண்ணம் வந்து சேருவதற்கு முன்பே இங்கே ஊர் இருந்திருக்கிறது. தமிழ் பிராமியில் பேர் கீறிய பானை ஓடுகளும் கிடைத்திருக்கின்றன. யவனர் சரக்கு வாங்க வந்தவர்கள், கடை ஊர்க்காரருடையது.

அந்தக் கடையில் கண்ணைப் பறித்த சரக்கு மணி. உருகிய கண்ணாடியை உள்ளே துளை விழும்படி நீளக் குழலாக இழுப்பார்கள். ஆறியதும் கடுகும் மிளகும் போலத் துண்டு துண்டாக நறுக்கி, கூர்மை மழுங்க மறுபடி சூடேற்றுவார்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம். இதே வகை மணிகள் தென்கிழக்காசியாவின் பழைய ஊர்களிலும் அகப்படுகின்றன.

அரிக்கமேட்டுக்கு வருகிறவர்கள் இன்று செங்கல் சுவர் ஒன்றின் முன்னால் நின்று, ரோமானியர் கட்டியது என்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அது 18ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவப் பாதிரிமார் கட்டிய வீடு. மணிகள் காலடி மண்ணில் கிடக்கின்றன. நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள் போனால் ஒன்றிரண்டு மினுங்கும்.