கிழக்கு ஹார்லெமில் கதவு தட்டியவர்கள்

ஈயம் கலந்த பெயிண்ட் இனிக்கும். குழாய் ஒழுகி ஊறிப்போன சுவரிலிருந்து அது செதில் செதிலாக உரிந்து விழ, தவழும் பிள்ளை எடுத்து வாயில் போட்டுக்கொள்ளும். சோகையும் வயிற்றுவலியும் வரும். முற்றினால் வலிப்பு வரும். மூளையைத் தாக்கிவிட்டாலோ, இழந்ததை எந்த மருந்தாலும் மீட்க முடியாது.

யாருக்கும் தெரியாமல் நடந்த கொடுமை அல்ல இது. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் பிள்ளைகளைத் தாக்கிய ஈய நஞ்சு, தாழ்வாரக் கைப்பிடிகளிலும் அறைச் சுவர்களிலும் பூசிய பெயிண்டிலிருந்து வருகிறது என்று லாக்ஹார்ட் கிப்சன் என்ற மருத்துவர் 1904-லேயே எழுதிவிட்டார். நியூயார்க் நகரமும் 1960-இல் வீட்டுக்குள் ஈயப் பெயிண்ட் பூசத் தடை விதித்தது. ஆனால் அதற்கு முன்பே பூசியிருந்ததைத் தடையால் சுரண்டி எடுக்க முடியவில்லை. அது ஏழைகள் குடியிருந்த பழைய வீடுகளில் அப்படியே இருந்தது.

அப்படிப்பட்ட ஒண்டுக்குடித்தனங்கள் நிறைந்த பகுதி நியூயார்க்கின் கிழக்கு ஹார்லெம். புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த குடும்பங்கள் அங்கே அதிகம். 1969 கோடையில் 'யங் லார்ட்ஸ்' என்ற இளைஞர் இயக்கம் அங்கே தலையெடுத்தது. என்ன வேண்டும் என்று தெருவாசிகளிடம் கேட்டபோது, முதலில் வந்த பதில் குப்பை. இளைஞர்கள் துடைப்பம் எடுத்துப் பெருக்கினார்கள். மாநகராட்சி அள்ள வராதபோது குப்பையை நடுச்சாலையில் குவித்துப் போக்குவரத்தை மறித்தார்கள். அடுத்து ஈயத்தின் பக்கம் திரும்பினார்கள்.

ஈய நஞ்சைக் கண்டறியும் சிறுநீர்ச் சோதனைப் பெட்டிகள் ஆயிரக்கணக்கில் நகரச் சுகாதாரத் துறையிடம் முடங்கிக் கிடந்தன. நவம்பரில் அந்த அலுவலகத்தில் உட்கார்ந்து போராடி, அவற்றில் ஒரு பகுதியை வாங்கினார்கள். பிறகு செவிலியர்களையும் மருத்துவ மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு மாடி மாடியாக ஏறிக் கதவைத் தட்டினார்கள். முதலில் சோதித்த பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரிடம் நஞ்சின் அடையாளம் இருந்தது.

மருத்துவத்துக்குப் புதிதாக எதையும் அவர்கள் கண்டுபிடித்துவிடவில்லை. நோய் தெரியும், சோதனை உண்டு, சட்டமும் உண்டு. வீடு தேடிப் போக மட்டும் ஆளில்லை. அந்தக் குறையைத்தான் அவர்கள் தீர்த்தார்கள். பொதுச் சுகாதார வரலாற்றில் மருந்துக்குத் தரும் மதிப்பை இப்படி வீடு வீடாக ஏறி இறங்கிய நடைக்கும் தர வேண்டும்.

இதைப் பத்திரிகைகளும் எழுதின. 1970-இல் நகரம் ஈய நஞ்சுத் தடுப்புக்கென்று தனிப் பிரிவைத் தொடங்கியது. 1971 ஜனவரியில் அதற்கென அமெரிக்கக் கூட்டரசின் சட்டமும் வந்தது. வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்கு நாடு தழுவிய தடை வர 1978 ஆயிற்று.

இருந்தும் நெடுங்காலம் நடந்தது, பிள்ளைக்கு நஞ்சேறிய பிறகு வீட்டைப் பார்க்கும் தலைகீழ் முறைதான். பிள்ளையின் இரத்தம் சொல்லித்தானா சுவரைச் சோதிக்க வேண்டும்? நியூயார்க்கில் இதை மாற்ற, 2004-இல் மேயரின் மறுப்பையும் மீறி மாநகர மன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. 1960-க்கு முன் கட்டிய அடுக்குக் குடியிருப்பில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளை இருந்தால், அங்குள்ள பெயிண்டில் ஈயம் உண்டு என்றே அந்தச் சட்டம் கொள்கிறது. அப்படிப் பிள்ளை இருக்கிறதா என்று ஆண்டுதோறும் கேட்டறிந்து சுவரைச் சோதிப்பதும், உரிந்ததைச் சரிசெய்வதும் வீட்டு உரிமையாளரின் கடமை.