பொன்னும் பொழுதும்

சேலத்துக்கு இரயிலில் வருகிறவர் இறங்கும் இடம் சூரமங்கலம். சேலம் சந்திப்பு நிலையம் இங்கேதான் இருக்கிறது. நிலையத்தை விட்டு வெளியே வந்து சிவதாபுரம், பள்ளப்பட்டி, செவ்வாய்ப்பேட்டை ஆகிய பகுதிகளுக்குச் சென்றால், சிறு சிறு பட்டறைகளிலும் வீடுகளிலும் வெள்ளிக் கொலுசு உருவாவதைக் காணலாம். ஒருவர் வெள்ளியை உருக்குகிறார், ஒருவர் கம்பி இழுக்கிறார், ஒருவர் வளையங்களைக் கோத்துப் பொடி வைத்து ஊதுகிறார், மற்றொருவர் மெருகேற்றுகிறார். ஒரு சோடிக் கொலுசு பல கைகள் கடந்தே கடைக்குச் செல்கிறது. நிலையத்தில் மணி காட்டும் கடிகாரம்; ஊருக்குள் கால் மணி ஒலிக்கும் கொலுசு. இவ்விரண்டும் என்னை இன்றைய பொருளுக்கு இட்டுச் சென்றன.

நகையைப் பற்றியும் விலையுயர்ந்த கைக்கடிகாரத்தைப் பற்றியும் நம்மிடையே பெரும்பாலோர் கொண்டுள்ள கருத்து யாவரும் அறிந்ததே. பொன் குடும்பத்தின் பெருமை. நல்ல கடிகாரம் ஆடவனின் மதிப்பு. இதற்கு மாறாகப் பேசுகிறவரை ஊர் விரும்புவதில்லை. ஆயினும் அவ்வாறு பேசியவர்கள் நம் நாட்டு வரலாற்றில் உண்டு. அவர்களுள் ஒருவர் தம் சொந்த வீட்டில் பேசினார். மற்றொரு முறை ஓர் அரசாங்கமே சட்டத்தின் வாயிலாகப் பேசிற்று. இவ்விரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு.

முதல் நிகழ்ச்சி 1901ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவில் நடந்தது. காந்தியடிகள் நேட்டாலை விட்டுத் தாயகம் திரும்பப் புறப்பட்டபோது, அங்கு வாழ்ந்த இந்தியர்கள் அவருக்குப் பிரிவுபசாரம் நடத்திப் பரிசுகளைக் குவித்தனர். தங்கச் சங்கிலிகள், தங்கக் கடிகாரங்கள், வைர மோதிரங்கள் ஆகியவை அவற்றுள் இருந்தன. கஸ்தூரிபாவுக்கென்றே 50 கினி மதிப்புள்ள தங்கக் கழுத்தணி ஒன்றும் வந்தது. அன்றிரவு காந்தியடிகளுக்கு உறக்கம் வரவில்லை. பொதுத் தொண்டுக்குக் கிடைத்த பரிசைத் தமதென்று வைத்துக்கொள்ளலாமா என்று எண்ணி எண்ணி நடந்தார். விடிவதற்குள் அனைத்தையும் சமூகத்துக்கே அறக்கட்டளையாக எழுதிவைப்பதென்று முடிவு செய்தார்.

பிள்ளைகள் உடனே இசைந்தனர், கஸ்தூரிபா இசையவில்லை. வருங்கால மருமகள்களுக்கு வேண்டாமா என்று கேட்டார். தமக்கு அளிக்கப்பட்ட கழுத்தணியின் மேல் கணவருக்கு என்ன உரிமை என்றும் கேட்டார். காந்தியடிகள் இவ்வாதத்தைத் தம் சத்திய சோதனையில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். இறுதியில் அவர் எண்ணமே நிறைவேறிற்று. நகைகள் வங்கியில் வைக்கப்பட்டுச் சமூகப் பணிக்கு உரியவையாயின.

இக்கதையைப் படிக்கும் மாணவர் பலர் காந்தியடிகளின் துறவை மட்டுமே வியந்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டுவர். நான் உங்களைச் சற்று நிறுத்த விரும்புகிறேன். கஸ்தூரிபாவின் கேள்வி வெறும் ஆசையிலிருந்து எழுந்ததன்று. அந்நாளில் இந்துக் குடும்பத்தில் பிறந்த பெண்ணுக்குத் தந்தையின் நிலத்தில் மகனைப் போன்ற பங்கு கிடையாது. கணவன் வீட்டு நிலமும் அவள் பெயரில் இராது. சீதனம் என்று பழைய நூல்கள் கூறும் பொருள் ஒன்றே அவளுடையது. அதன் பெரும்பகுதி நகை. பஞ்சம் வந்தாலும், கணவன் இறந்தாலும், பிள்ளை படிக்க வேண்டுமானாலும் அவள் கை நீட்டக்கூடிய இடம் தன் கழுத்துதான். நிலத்தை வைத்துக்கொண்டிருந்த ஆடவர், நகையைப் பிடித்துக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்து, 'உனக்கு ஆடம்பரம் மிகுதி' என்று சொல்வது எளிது. அது நேர்மையான சொல்லா என்பதே கேள்வி.

சட்டம் மெல்ல மெல்லத்தான் மாறிற்று. 1956இல் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டம் பெண்ணுக்குத் தன் சொத்தின்மேல் முழு உரிமை தந்தது. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனுக்கு நிகரான பிறப்புரிமையை மகளுக்குத் தமிழ்நாடு 1989இல் வழங்கிற்று. நாடு முழுவதற்கும் அது 2005இல் வந்தது. ஆகவே, பெண்ணின் நகை வீண் செலவு என்று கூறும் உரிமை நமக்கு உண்மையில் அண்மையிலேதான் கிடைத்தது. இது நான் கூறும் முதல் உவப்பில்லாத கருத்து.

எனினும் காந்தியடிகளின் செயலில் ஒரு சிறப்பு உண்டு. அவர் துறந்தவற்றுள் பெரும்பகுதி அவருக்கே அளிக்கப்பட்ட பொருள். தம் கருத்துக்குத் தாமே விலை கொடுத்தார். கஸ்தூரிபாவின் கழுத்தணியைப் பொறுத்தவரையில் அந்த விலையை வேறொருவர் கொடுத்தார்; அந்த ஓரிடத்தில்தான் அவர் கதை நம் நெஞ்சை உறுத்துகிறது.

இனி இரண்டாம் நிகழ்ச்சிக்கு வருவோம். 1962இன் பிற்பகுதியில் சீனாவுடன் போர் மூண்டது. நாட்டுக்கு அந்நியச் செலாவணி தேவைப்பட்டது. அப்போது உலகச் சந்தையில் ஓர் அவுன்சு தங்கத்தின் அதிகாரபூர்வ விலை 35 டாலர். இந்தியாவில் அதன் விலை அதைப்போல இருமடங்குக்கும் மேல். இந்த வேறுபாடே கள்ளக்கடத்தலை வளர்த்தது. மக்களின் பொன்னாசையைக் குறைத்தால் கடத்தலும் குறையும் என்று அரசாங்கம் எண்ணிற்று. 1963 ஜனவரியில் நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் தங்கக் கட்டுப்பாட்டு விதிகளைக் கொண்டுவந்தார். அதன்படி புதிதாகச் செய்யப்படும் நகை 14 காரட்டுக்கு மேற்படக் கூடாது. தூய தங்கம் 24 காரட் என்பதை நீங்கள் அறிவீர்கள். நம் பெண்கள் விரும்பிய 22 காரட் நகையில் 24 பங்கில் 22 பங்கு பொன் இருக்கும். 14 காரட்டில் 14 பங்கே பொன், எஞ்சிய 10 பங்கு செம்பும் பிற உலோகங்களும்.

நோக்கம் நல்லது என்பதில் ஐயமில்லை. ஆனால் அடி யார்மேல் விழுந்தது? ஏற்கெனவே நகை வைத்திருந்தவர் அதைத் தொடர்ந்து அணிந்தார். பெட்டியில் பூட்டியிருந்தவர் பூட்டிவைத்தபடியே இருந்தார். கடத்தற்காரரும் ஓயவில்லை. 14 காரட் நகையை வாங்குவார் இல்லாமற் போகவே, பட்டறையில் அமர்ந்திருந்த பொற்கொல்லரின் ஊதுகுழல் ஓய்ந்தது. தலைமுறை தலைமுறையாகக் கற்ற தொழிலன்றி வேறொன்றும் அறியாத இலட்சக்கணக்கான குடும்பங்கள் தவித்தன. வறுமை தாங்காமல் பொற்கொல்லர் சிலர் உயிரை மாய்த்துக்கொண்ட துயரம் பாராளுமன்றத்தில் எழுப்பப்பட்டது. மாற்றுத் தொழிலுக்குக் கடனுதவி அறிவிக்கப்பட்டது. ஆனால் குன்றிமணி எடைப் பொன்னில் பூவேலை செய்யும் கைக்கு வேறு தொழில் எளிதில் பழகுமா?

அதே ஆண்டு செப்டம்பரில், பழைய நகையை அதன் மாற்றுக் குறையாமல் அழித்துச் செய்து தரலாம் என்று விதி தளர்ந்தது. 1966இல் 14 காரட் கட்டுப்பாடே நீங்கிற்று. 1968இல் தனிச் சட்டமாக வடிவெடுத்த தங்கக் கட்டுப்பாடு 1990இல் முற்றிலும் நீக்கப்பட்டது. இந்தச் சட்டம் பொன்னைப் பற்றியதேயன்றி வெள்ளியைப் பற்றியதன்று. ஆகவே நம் சேலத்துக் கொலுசுப் பட்டறைகள் இதன் நேரடிப் பிடியில் சிக்கவில்லை. வெள்ளிக்கும் அவ்வாறு ஒரு விதி வந்திருந்தால் செவ்வாய்ப்பேட்டைத் தெருக்கள் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆடம்பரத்தைக் கண்டிக்கும்போது அணிகிறவரையும் ஆக்குகிறவரையும் நாம் வேறு பிரித்துப் பார்ப்பதில்லை. கொலுசு அணிகிறவருக்கு அது அலங்காரம். அதைச் செய்கிறவருக்கு அது அன்றாடச் சோறு. தடை என்னும் கோல் ஓங்கும்போது அணிகிறவர் விலகிக்கொள்கிறார், ஆக்குகிறவர் அடிபடுகிறார். ஆகவே நகையைத் தடுப்பதைவிட, நகையின்றித் திருமணம் இல்லை என்னும் நிலையை மாற்றுவதே முறை என்பேன். 1961இலேயே வரதட்சிணைத் தடைச் சட்டம் வந்துவிட்டது. ஆயினும் பெண் பார்க்கும் வீட்டில் எத்தனை பவுன் என்னும் கேள்வி இன்னும் கேட்கிறது. அக்கேள்வியைக் கேட்க மறுக்கும் இளைஞன் எந்தப் பொற்கொல்லரின் வயிற்றிலும் அடிப்பதில்லை. இது என் இரண்டாம் கருத்து.

ஆடவர் இதுவரை மகிழ்ந்து கேட்டிருப்பீர்கள். இனி உங்கள் மணிக்கட்டுக்கு வருவோம்.

1860களின் தொடக்கத்தில் இருப்புப்பாதை சேலத்துக்கு வந்தபோதுதான் நிமிடக் கணக்கு இவ்வூருக்கு வந்தது எனலாம். பின்னர் இந்திய இரயில்வேக்கள் சென்னை வானாய்வுக்கூடத்தின் நேரத்தைப் பொது நேரமாகக் கொண்டன. சேலம் சென்னைக்கு மேற்கே இருப்பதால் இங்கே உச்சிப்பொழுது ஏறத்தாழ 8 நிமிடம் பிந்தியே வரும். 1906இல் இந்தியப் பொது நேரம் நடைமுறைக்கு வந்தபின், கடிகாரம் பன்னிரண்டு காட்டிச் சராசரியாக 17 நிமிடம் கழிந்த பிறகே சூரமங்கலத்தில் கதிரவன் உச்சிக்கு வருகிறான். ஆக, கடிகாரம் காட்டுவது கதிரவனின் பொழுதையன்று. வண்டியைத் தவறவிடாமல் இருக்க நாம் கூடிச் செய்துகொண்ட உடன்பாட்டையே. அந்த உடன்பாடு ஏழைக்கும் செல்வருக்கும் ஒன்றே.

வெளிநாட்டிலிருந்து வந்த கைக்கடிகாரம் நெடுங்காலம் செல்வர்க்கே உரியதாயிருந்தது. 1961இல் பெங்களூரில் எச்.எம்.டி. நிறுவனம் ஜப்பானியச் சிட்டிசன் நிறுவனத்தின் துணையுடன் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. அது வெளியிட்ட 'ஜனதா' கடிகாரம் பெயருக்கேற்ப மக்கள் கையை அடைந்தது. 1965 வரை சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த ஓசூரில், தமிழ்நாட்டு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமும் டாட்டா குழுமமும் சேர்ந்து 1984இல் டைட்டன் நிறுவனத்தை நிறுவின. பிற்காலத்தில் அதே நிறுவனம் நகையும் செய்யலாயிற்று. கடிகாரமும் நகையும் ஒரே கூரையின்கீழ் வந்தது தற்செயல் அன்று என்பது என் எண்ணம்.

காரணம் கூறுகிறேன். 1969இல் ஜப்பானின் சீக்கோ நிறுவனம் படிகக் கற்கடிகாரத்தை வெளியிட்டது. இன்றைய படிகக் கடிகாரத்தில் கல் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. சாவி கொடுத்து ஓடும் சிறந்த கடிகாரத்தின் சக்கரம் பெரும்பாலும் நொடிக்கு 8 முறையே துடிக்கிறது. ஆகவே சில நூறு ரூபாய்க் கடிகாரம் பல இலட்ச ரூபாய்க் கடிகாரத்தைவிடச் சரியாக மணி காட்டுகிறது. அந்த இலட்ச ரூபாய்ப் பொருள் இன்று கடிகாரமே அன்று. ஆடவன் அணியும் வளையல். அதைச் செய்த கம்மியரின் திறமைக்கு நான் தலை வணங்குகிறேன். மனைவியின் நகையை வீண் என்று சொல்லிக்கொண்டே அதை அணிகிறவருக்கு மட்டும் வணங்க மாட்டேன். இது மூன்றாம் கருத்து.

காந்தியடிகளும் ஒரு கைக்குடைக் கடிகாரம் போன்ற பெருமைப் பொருளை நாடியவரல்லர். இடுப்பில் தொங்கிய கடிகாரத்தை நேரம் தவறாமைக்கே பயன்படுத்தினார். அவர் வைத்திருந்த கடிகாரம் ஒன்றும், மூக்குக்கண்ணாடியும், செருப்பும், உண்கலமும் 2009இல் நியூயார்க்கில் ஏலம் விடப்பட்டபோது 18 இலட்சம் டாலருக்குப் போயின. அந்தக் கடிகாரம் மற்ற கடிகாரங்களைவிட நன்றாக ஓடியதற்காக எவரும் அவ்விலை கொடுக்கவில்லை. அதை வைத்திருந்தவர் தம் பொழுதை எவ்வாறு செலவிட்டார் என்பதற்காகவே கொடுத்தனர்.

மாணவ மணிகளே! பிறருடைய ஆடம்பரத்தைப் பற்றி நீங்களும் ஒருநாள் கருத்துக் கூறுவீர்கள். சிலர் சட்டமே இயற்றும் இடத்துக்கு உயர்வீர்கள். அப்போது, இக்கருத்துக்கு விலை கொடுக்கப் போகிறவர் யார் என்று ஒரு முறை கேளுங்கள். நானே கொடுக்கிறேன் என்று உங்களால் விடை கூற முடிந்தால், ஊர் உவக்காவிட்டாலும் தயங்காமல் கூறுங்கள். சூரமங்கலத்துப் பட்டறையில் ஊதுகுழலோடு குனிந்திருப்பவர்தான் கொடுப்பார் என்றால், இன்னொரு முறை எண்ணிப் பாருங்கள்.