இரு பெயரில் ஓர் இசைத்தட்டு: மெதீனி – மேய்ஸ் கூட்டாக்கம் பற்றிய ஒரு குறிப்பு

ஜாஸ் இசையின் வரலாறு பெரும்பாலும் தனிக்கலைஞர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. பலர் கூடிப் படைக்கும் இசை ஒருவரின் பெயரால் விற்கப்படுவதும், பின்னர் அப்பெயராலேயே நினைவுகூரப்படுவதும் இதனோடு தொடர்புடையன. கிற்றார்க் கலைஞர் பற் மெதீனியும் விசைப்பலகைக் கலைஞர் லைல் மேய்ஸும் 1981இல் தம்மிருவர் பெயராலும் வெளியிட்ட ‘அஸ் ஃபோல்ஸ் விச்சிற்றா, சோ ஃபோல்ஸ் விச்சிற்றா ஃபோல்ஸ்’ என்னும் இசைத்தட்டு இவ்வகையில் ஆராயத்தக்கது.

1970இல் மைல்ஸ் டேவிஸின் ‘பிற்சஸ் புரூ’ வெளிவந்த பின்னர் ஜாஸ் – றொக் இணைவிசை விரைந்து பரவிற்று. அன்றைய சிந்தசைசர் பெரும்பாலும் ஒரு வேளையில் ஒரு சுரத்தையே ஒலிக்க வல்லது. ஆதலால் அதனைக் கையாண்டவர் கிற்றாரோடு வேகத்திற் போட்டியிடும் இன்னொரு தனி வாசிப்பாளரானார். பல சுரங்களை ஒருங்கே ஒலிக்கும் கருவிகள் 1970களின் நடுப்பகுதியில் வந்தபின் இந்நிலை மாறியது. மேய்ஸ் கையாண்ட ஒபர்ஹைம் அத்தகையது. வாத்தியக் குழுவொன்றின் பரப்பை ஒருவரே எழுப்ப அது இடமளித்தது. கருவியே யாவற்றையும் செய்தது என்பது பொறிமுறை வாதமாகும். வட ரெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பெரிய ஜாஸ் குழுக்களுக்கு இசை எழுதிப் பெற்ற பயிற்சி மேய்ஸுக்கு இருந்தது.

1980 செப்ரெம்பரில் ஒஸ்லோவில், ஈ.சி.எம். நிறுவனத்தின் மன்பிரெட் ஐக்கரது தயாரிப்பில், இத்தட்டுப் பதிவாயிற்று. முதற்பக்கம் முழுவதையும் நிரப்பும் தலைப்பு உருப்படி இருபது நிமிடங்களுக்குச் சற்று மேற்பட்டது. கூட்டத்தின் இரைச்சல், மெதீனியே வாசிக்கும் பாஸ் கிற்றார், படிப்படியாக உயரும் சிந்தசைசர் அடுக்குகள், எண்களை உச்சரிக்கும் ஒரு குரல் என அது வளர்கிறது. இதில் தலைமை வாசிப்பாளர் யார் என வினவுவதே பொருந்தாது.

மறுபக்கத்திலுள்ள ‘செப்ரெம்பர் பிஃப்ரீன்த்’, அவ்வாண்டு அதே நாளில் மறைந்த பியானோக் கலைஞர் பில் இவான்ஸுக்குக் காணிக்கையானது. பியானோவும் கிற்றாரும் ஒன்றையொன்று தாங்கிச் செல்லும் முறைக்கு, இவான்ஸும் ஜிம் ஹோலும் சேர்ந்து 1962இல் வெளியிட்ட ‘அண்டர்கரன்ற்’ முன்னோடி. காணிக்கை பெயரளவில் நின்றுவிடாது வாசிப்பு முறையிலும் தொடர்ந்தமை இவ்வுருப்படியின் சிறப்பு எனலாம்.

ஆயினும் இக்கூட்டாக்கத்தில் மூன்றாமவர் ஒருவர் உளர். எண்களை உச்சரிக்கும் குரலும், ‘இற்ஸ் ஃபோர் யூ’வில் சொல்லின்றிப் பாடும் குரலும் பிரேசிலியத் தாளக் கலைஞர் நானா வாஸ்கொன்செலோஸுக்கு (மறைவு: 2016) உரியவை. தட்டு அறியப்படுவதோ முதலிருவரின் பெயராலேயே. ஒரு பெயர் இரண்டானபோதும் கணக்கு நேராகவில்லை.

மேய்ஸ் 2020இல் காலமானார். அவரும் மெதீனியும் சேர்ந்து இயற்றிய ‘த வே அப்’, ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நீளும் ஒரே உருப்படி. 2005இல் அது வெளிவந்தபோது உறையில் இருந்தது ‘பற் மெதீனி குழு’ என்ற பெயர்.