அந்த வண்டி யாருடையது?

எங்கள் வீட்டு ஆல்பத்தில் 1986இல் எடுத்த படம் ஒன்று இருக்கிறது. வெள்ளை மாருதி 800, முன்னால் மாலை, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்பா. கதவருகே நிற்கிறார் அம்மா. அந்த வண்டிக்கான முன்பணம், ஆசிரியையான அம்மா தன் பி.எஃப்.பிலிருந்து எடுத்த கடன். ஆனாலும், "அவர் கார் வாங்கினார்" என்றுதான் அம்மாவே வெகுகாலம் சொல்லிவந்தார்.

ஒருவர் வைத்திருக்கும் காரைப் பார்த்து அவருடைய வருமானத்தைச் சொல்லிவிடலாம் என்கிறோம். அந்த 'அவர்' யார்?

1980களின் தொடக்கம்வரை இந்தியச் சாலைகளில் பெரும்பாலும் மூன்று வகைக் கார்கள்தான் ஓடின: வங்காளத்தின் உத்தர்பாராவில் செய்த அம்பாசிடர், பம்பாயில் செய்த ஃபியட், சென்னையில் செய்த ஸ்டாண்டர்டு. லைசென்ஸ் கட்டுப்பாடு இருந்த காலம் அது. பணம் இருந்தாலும், பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால் கார் வருமானத்தை மட்டுமல்ல, செல்வாக்கையும் காட்டியது. அமைச்சருக்கும் அதிகாரிக்கும் அம்பாசிடர். டாக்டருக்கும் வக்கீலுக்கும் ஃபியட். 1970களில் அந்த ஃபியட்டுக்கு 'பத்மினி' என்று பெயர் வைத்தார்கள். காருக்குப் பெண் பெயர் வந்தது. அதை ஓட்டிய பெண்கள் மிகச் சிலரே.

1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800இன் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தி ஒரு விமான நிறுவன ஊழியரிடம் கொடுத்தார். விலை சுமார் 48,000 ரூபாய். மாதச் சம்பளக்காரர்களும் காரைக் கனவு காணத் தொடங்கினார்கள். சாவியைக் கொடுத்தவர் பெண்; பெற்றுக்கொண்டவர் ஆண்.

கனவு கல்யாணச் சந்தைக்கும் வந்தது. வரதட்சணையை 1961இலேயே சட்டம் தடை செய்திருந்தது. ஆனால் ஸ்கூட்டர் கேட்ட இடத்தில் மாருதி கேட்டார்கள். மாப்பிள்ளையின் வேலை உயர உயர வண்டியும் உயர்ந்தது. பணம் பெண் வீட்டாருடையது, ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாப்பிள்ளையுடையது. பார்ப்பவர்களுக்கோ அது அவருடைய வசதியின் அடையாளம்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 100 வீடுகளில் ஏறக்குறைய 5இல்தான் கார் இருந்தது. 21இல் இரு சக்கர வாகனம், 45இல் சைக்கிள். கணக்கெடுக்க வந்தவர் கேட்டது, "வீட்டில் கார் இருக்கிறதா?" என்பதை மட்டும். யார் ஓட்டுகிறார், யார் காசு, யார் பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறார் என்று கேட்கவில்லை. 'குடும்பத்தின் கார்' என்ற சொல்லுக்குள் இந்தக் கேள்விகளெல்லாம் மறைந்துபோகின்றன. காலையில் அப்பா காரில் போவார். அம்மா இரண்டு பேருந்து மாறிப் பள்ளிக்குப் போவார். கணக்கில் இருவரும் கார் வைத்திருப்பவர்கள்.

தமிழ்நாட்டில் 2018இல் வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஸ்கூட்டர் மானியமும், 2021இல் நகரப் பேருந்துகளில் கட்டணமில்லாப் பயணமும் வந்தன. 'வீடு' என்று பார்க்காமல் 'பெண்' என்று பார்த்த திட்டங்கள் அவை.

சென்ற ஆண்டு என் சம்பளத்தில் பழைய கார் ஒன்று வாங்கினேன். விற்பனையாளர் இரண்டு முறை கேட்டார்: "சார் வரலையா மேடம்?" ஆர்.சி.யில் என் பெயர். அம்மாவை முன் இருக்கையில் உட்காரவைத்து ஓட்டினேன்.

"இது உன் காசா?"

"ஆமாம்மா."

கொஞ்ச தூரம் போன பிறகு அம்மா சொன்னார்: "அப்போ அந்த மாருதி என்னுதுதான்."