கையெழுத்தாகாத ஒப்பந்தம்: ஈஸ்ட் பெங்கால் கிளப்பில் உறுப்பினரும் முதலீட்டாளரும், 1998–2022

கால்பந்துக் கிளப்புகளின் கோஷ்டிப் பூசலைப் பதவி ஆசை என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கிளப்புக்கு அந்த விளக்கம் போதாது. அங்கே மோதியவை இரண்டு உரிமைகள்: சந்தா கட்டும் உறுப்பினரின் வாக்கு, பணம் போடும் நிறுவனத்தின் பங்கு.

கிளப் பிறந்ததே ஒரு நிர்வாகச் சண்டையில்தான். 1920 ஜூலை 28 அன்று, கூச்பிஹார் கோப்பையில் மோகன் பகானை எதிர்த்து இறங்கிய ஜோராபாகன் அணியில் சைலேஷ் போஸ் சேர்க்கப்படவில்லை. அதை ஏற்காத துணைத்தலைவர் சுரேஷ் சந்திர சவுத்ரி வெளியேறினார். ஆகஸ்டு 1-இல் புதுக் கிளப் உருவாயிற்று. அதன்பின் பல பத்தாண்டுகள், பணம் கொடுத்தவர்கள் புரவலர்களாகவே இருந்தார்கள். கோயில் திருவிழாக்களில் உபயதாரருக்குப் பரிவட்டம் கட்டுவார்கள். கோயில் சாவியைக் கொடுக்கமாட்டார்கள். கொல்கத்தாவிலும் அதே ஏற்பாடுதான்.

1998-இல் விஜய் மல்லையாவின் யுனைடெட் புரூவரிஸ் குழுமம் ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் இரண்டிலும் கால்பந்துக்கெனத் தனி நிறுவனங்கள் அமைத்துப் பாதிப் பங்கை எடுத்துக்கொண்டது. இரு பரம எதிரிகளுக்கும் ஒரே பங்குதாரர் என்பது விந்தைதான். ஆனால் அணியை நடத்தியவர்கள் பழைய நிர்வாகிகளே. எனவே பெரிய உரசல் இல்லை.

2018 ஜூலையில் பெங்களூரின் குவெஸ் நிறுவனம் 70 சதவீதத்துடன் வந்தபோது நிலைமை மாறியது. 2018–19 ஐ-லீக்கில் அணி 42 புள்ளிகளுடன் இரண்டாமிடம் பெற்றது. கோயம்புத்தூரைத் தளமாகக் கொண்டு ஆடிய சென்னை சிட்டி 43 புள்ளிகளுடன் பட்டம் வென்றது. அடுத்து வந்த சூப்பர் கோப்பையில் ஆடுவதா, புறக்கணிப்பதா என்பதில் கிளப் நிர்வாகமும் நிறுவனமும் பிரிந்து நின்றன. நிறுவனம் சொன்னதே நடந்தது. 2020 மே மாத இறுதியில் குவெஸ் விலகியது.

அடுத்த கட்டம்தான் கூர்ந்து பார்க்க வேண்டியது. 2020 செப்டம்பர் 2-இல் முதல்வர் மம்தா பானர்ஜி ஸ்ரீ சிமெண்ட் வருகையை அறிவித்தார். பங்கு 76 சதவீதம். முதற்கட்ட உடன்பாட்டில் கையெழுத்தான பிறகு, இறுதி ஒப்பந்தத்தை ஏற்கக் கிளப் மறுத்தது. கிளப்பின் கூடாரம் நிற்கும் நிலமோ ராணுவத்துடையது. ஆக, விற்பதற்கு இருந்தவை பெயர், சின்னம், சிவப்பு-தங்க நிறம், விளையாட்டு உரிமை. அவற்றைக் கொடுத்துவிட்டால் உறுப்பினரின் வாக்குக்கு எதன்மேல் அதிகாரம் இருக்கும்? நிர்வாகிகளுக்குச் சொந்த நலனும் இருந்திருக்கலாம். ஆனாலும் கேள்வி நியாயமானது.

ரசிகர்கள் ஒரே தரப்பில் நிற்கவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். 2021 ஜூலை 21 அன்று கூடாரத்தின் முன் திரண்ட பலர், நிர்வாகிகள் கையெழுத்திட வேண்டுமென்றே கோஷமிட்டார்கள். போலீஸ் தடியடி நடத்தியது. ஆகஸ்டில் மீண்டும் மம்தா தலையிட, ஒரு பருவத்துக்கு மட்டும் சமரசம் ஏற்பட்டது. அவசரத்தில் திரட்டிய அணி அந்தப் பருவத்தின் 20 லீக் ஆட்டங்களில் ஒன்றில் மட்டும் வென்று கடைசியிடம் பெற்றது. சண்டையின் விலை அது. 2022 ஏப்ரலில் ஸ்ரீ சிமெண்ட் விலக, ஆகஸ்டு 2-இல் எமாமி குழுமத்துடன் கையெழுத்தாயிற்று.

பட்டம் வென்ற சென்னை சிட்டியை இதனருகே வைத்துப் பார்க்கலாம். அது ரோஹித் ரமேஷின் தனியார் கிளப். 2019-இல் சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசல் அதில் 26 சதவீதம் வாங்கியது. பாசல் ரசிகர்கள் இந்த முதலீட்டையும் தங்கள் தலைவர் பெர்ன்ஹார்ட் பர்கனர்மீதான குறைப்பட்டியலில் சேர்த்தார்கள். அங்கே மூண்ட பங்குப் போரில் 2021 மே மாதம் டேவிட் டேகன் கிளப்பைக் கைப்பற்றினார். சென்னை சிட்டியில் உறுப்பினர் தேர்தலும் இல்லை, எதிர்க்கோஷ்டியும் இல்லை. 2020–21 பருவத்துக்குப் பிறகு ஐ-லீக்கில் அந்த அணியும் இல்லை.