பால் கலந்த தண்ணீரில் பிடிபட்ட ஒளி

ஓடுகிற ஒளியைப் பக்கத்தில் நின்று பார்க்க முடியாது. கண்ணில் வந்து விழுந்தால்தான் அது தெரியும். நம்மைக் கடந்து போகும் ஒளி நமக்கு இருட்டுதான். 1971-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் மிஷல் டுகே இதற்கு ஒரு வழி கண்டார். கண்ணாடிக் கலத்தில் இருந்த தண்ணீரில் சிறிது பாலைக் கலந்தார். பாலின் நுண்துகள்கள் லேசர் ஒளியில் ஒரு பங்கைப் பக்கவாட்டில் சிதறடித்தன. கேமராவுக்கு அது போதும்.

ஆனால் ஷட்டர்? இந்த வேகத்துக்குத் திறந்து மூடும் தகடு உலகில் கிடையாது. டுகே ஒளியைக் கொண்டே ஒளிக்குக் கதவு போட்டார். கார்பன் டைசல்ஃபைடு நிரப்பிய குப்பி. அதன் முன்னும் பின்னும் ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்த இரண்டு போலராய்டு வடிகட்டிகள். சாதாரணமாக அவற்றைத் தாண்டி ஒளி வராது. வலுவான இன்னொரு லேசர் துடிப்பு அந்தத் திரவத்தில் பாயும் கணத்தில் மட்டும் கதவு திறக்கும், ஏறத்தாழ 10 பிக்கோ விநாடிக்கு. ஒரு விநாடியை லட்சம் கோடியாகப் பகுத்தால் அதில் ஒரு பங்குதான் பிக்கோ விநாடி. அந்த இடைவெளியில் எடுத்த படத்தில், கலத்தின் நடுவே ஒரு பச்சை ஒளித்துண்டு தனியே நின்றது. முன்னால் இருட்டு, பின்னால் இருட்டு. பறக்கும் ஒளியைப் படமெடுக்கும் கலை பிறந்தது அன்றுதான் என்பேன். 1978-இல் சுவீடனின் நில்ஸ் ஆப்ராம்சன் ஹோலோகிராம் வழியாகவும் ஒளியின் நகர்வைப் பதிவு செய்தார்.

பலரும் பார்த்து வியந்த காணொளி, கோக் பாட்டிலுக்குள் ஒளி ஊர்ந்து போகும் காட்சி, 2011 டிசம்பரில் எம்.ஐ.டி. மீடியா லேபிலிருந்து வந்தது. நாசிக்கில் பிறந்த ரமேஷ் ராஸ்கரின் குழுவுக்கு ஒளியைப் படமெடுப்பது மட்டுமே குறி அல்ல. சுவரின் மூலைக்கு அப்பால் மறைந்திருக்கும் பொருளைப் பார்க்க வேண்டும் என்பது ராஸ்கரின் நெடுநாள் ஆசை. சுவரில் பட்டு, மறைவிலுள்ள பொருளுக்குப் போய், மீண்டும் சுவருக்கே திரும்பும் ஒளி எவ்வளவு தாமதமாக வருகிறது என்று அளந்தால், அந்தப் பொருளின் வடிவத்தைக் கணக்கிட்டுவிடலாம். அவ்வளவு நுண்ணிய தாமதத்தை அளக்க வல்ல ஸ்ட்ரீக் கேமரா ஏற்கெனவே வேதியியலாளர்களின் கருவி. எம்.ஐ.டி. வேதியியலாளர் மௌங்கி பவெண்டியும் இந்த ஆய்வில் கைகோத்தார்.

ஸ்ட்ரீக் கேமராவில் ஒரு மெல்லிய பிளவு வழியே நுழையும் ஒளி எலெக்ட்ரான்களாக மாறும். அவற்றை ஒரு மின்புலம் மின்னல் வேகத்தில் கீழ்நோக்கி இழுத்துத் தள்ளும். முந்தி வந்தவை மேலே விழும், பிந்தியவை கீழே. ஆக, படத்தின் உயரம்தான் காலம். இடத்துக்கு மிஞ்சுவது ஒற்றைக் கோடு மட்டுமே. முழுக் காட்சி வேண்டுமே! ஆய்வாளர் ஆண்ட்ரியாஸ் வெல்டனும் சகாக்களும் ஒரு கண்ணாடியைச் சிறிது சிறிதாகத் திருப்பி, கோடு கோடாகப் படமெடுத்தார்கள். லேசர் 13 நானோ விநாடிக்கு ஒரு துடிப்பை அச்சுப் பிசகாமல் அனுப்பிக்கொண்டே இருந்தது. ஒளி ஒரு நானோ விநாடியில் கடந்துவிடும் பாட்டிலைப் படமெடுக்க ஏறத்தாழ ஒரு மணி நேரம் பிடித்தது. திரையில் ஓடுவது ஒரே துடிப்பு அல்ல. கோடிக்கணக்கான துடிப்புகளின் தொகுப்பு. இதைச் சொன்னால் சிலருக்கு ஏமாற்றம். எனக்கோ இந்தப் பொறுமைதான் அந்தக் காணொளியின் அழகு.

இன்னொரு விந்தையும் அதில் உண்டு. பாட்டில் மூடியின் கீழே ஒளியலைகள் நம்மைவிட்டு விலகிப் போவதுபோல் தெரிந்தன. அவை நம்மை நோக்கி வர வேண்டியவை. அருகிலுள்ள ஒளி முந்தியும் தொலைவிலுள்ளது பிந்தியும் கேமராவை அடைவதால் நிகழ்ச்சிகளின் வரிசையே மாறிவிடுகிறது. அந்தப் பயண நேரத்தைக் கணக்கிட்டுக் கழித்த பிறகே வரிசை சரியானது.

மூலைக்கு அப்பால் பார்க்கும் கனவும் 2012-இல் நனவானது: மறைத்து வைத்த ஒரு பொம்மையின் முப்பரிமாண வடிவம் கணினியில் எழுந்தது.

ஆனால் திரும்ப நிகழாத ஒன்றை, கோடு கோடாகப் படமெடுக்கும் இந்த முறையால் பிடிக்க முடியாது. 2014-இல் ஆய்வாளர் லிஹாங் வாங்கின் குழு, ஸ்ட்ரீக் கேமராவின் பிளவை அகலத் திறந்து, காட்சியின் மேல் புள்ளிக்கோலம் போன்ற ஒரு மறைப்பை வைத்து, கலங்கி விழும் படத்தைக் கணக்கால் பிரித்தெடுத்தது. விநாடிக்கு 10,000 கோடி படச்சட்டங்கள். ஒரே துடிப்பு, ஒரே எடுப்பு. 2017-இல் இதே வழியில், உலர்பனிப் புகைக்குள் பாய்ந்த லேசர் துடிப்பு, ஒலியை மிஞ்சும் விமானத்தின் அதிர்வலை போலக் கூம்பு வடிவ ஒளியலையை இழுத்துச் செல்வதைப் படமாக்கினார்கள். புகை அடுத்த கணமே கலைந்துவிடும். அதற்கு இரண்டாம் எடுப்பு கிடையாது.