டைன் ஆற்றங்கரையின் அரை மாரத்தான்

மாரத்தான் தூரமான 42.195 கிலோமீட்டரில் சரிபாதியை ஓடிக் கடக்கும் அரை மாரத்தான், இங்கிலாந்தின் வடகிழக்கில் பெருந்திரளான மக்களின் ஓட்டமாக உருப்பெற்றது 1981 ஜூன் மாதத்தில் ஆகும். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓட்டத்தில் வெண்கலம் வென்ற பிரெண்டன் ஃபாஸ்டர், நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் பொதுமக்கள் திரளாக ஓடும் ‘ரவுண்ட் த பேஸ்’ ஓட்டத்தில் தாமே பங்கேற்று, அத்தகையதொன்றைத் தம் சொந்த மண்ணிலும் நடத்த விரும்பியதன் விளைவே ‘கிரேட் நார்த் ரன்’ ஆகும். நியூகாசிலில் தொடங்கி, 1928இல் திறக்கப்பட்ட டைன் பாலத்தைக் கடந்து, வடகடலோரச் சௌத் ஷீல்ட்ஸில் முடியும் அதன் முதல் ஓட்டத்தில் ஏறத்தாழ 12,000 பேர் பங்கேற்க, அப்பகுதியைச் சேர்ந்த மைக் மெக்லியாட் வென்றார். தொடக்க இடத்துக்கும் முடிவிடத்துக்கும் இடையிலான நேர்க்கோட்டுத் தொலைவு ஓட்டத் தூரத்தில் பாதியை மிஞ்சலாகாது என்னும் விதியால் இப்பாதையில் உலகச் சாதனை ஏற்கப்படுவதில்லை. எனினும் முன்னணி வீரர்களும் அறக்கொடைக்கு நிதி திரட்டும் எளியோரும் ஒரே சாலையில் ஓடிய இவ்வோட்டத்தை நிறைவுசெய்தோர் தொகை 2014இல் பத்து லட்சத்தை எட்டியது.